இருபது யூனிட் ரேடியோ

எனக்கென்று ஒரு ரேடியோ இல்லாத காலத்தில்தான் நான் அதிகமாக ரேடியோ கேட்டேன். மலாக்காவில், காஜா பெராங்கில், வரிசை வீடு ஒன்றின் முன்னறையில் குடியிருந்தேன். எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர் மட்டும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா தனியாக இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய்விட்டாள். ஆஸ்பத்திரி நர்சுகளின் வெள்ளை உடுப்புகளை வாங்கிவந்து இஸ்திரி போட்டுக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய ரேடியோதான் என்னுடைய ரேடியோவும்.

நான் பேராக்கிலிருந்து வேலைக்காக வந்தவன். வயது இருபத்து நான்கு. அம்மா இல்லை. அப்பா வேறு குடும்பம் கட்டிக்கொண்டு என்னை மறந்திருந்தார்; நானும் அவரை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மலாக்காவில் எனக்கு ஓர் ஈ காக்கையைக்கூடத் தெரியாது. ஆபீசில் பேசுவது எல்லாம் எண்கள். சாப்பாட்டுக் கடையில் "இன்னும் கொஞ்சம் ரசம்" என்பதோடு பேச்சு முடியும். அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் காலை வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. சில நாள் எனக்கே சந்தேகம் வந்து, குரல் இருக்கிறதா என்று பார்க்க, ஆணியில் தொங்கும் சட்டையோடு பேசியிருக்கிறேன்.

அந்த மௌனத்தை உடைத்தது சுவர்ப் பக்கத்து ரேடியோ. மாலையில் தமிழ்ச் செய்தி வரும்போது குளித்துவிட்டு வருவேன். செய்தி முடிந்து பாட்டு தொடங்கும்போது கட்டிலில் சுவரோரம் சாய்ந்துகொள்வேன். ஒரு பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை என்றால் முகம் சுளிப்பேன், ஏதோ நான் காசு கொடுத்துக் கேட்பதைப்போல. அடுத்தவர் வீட்டு ரேடியோவில் எனக்கு விருப்பு வெறுப்பு வேறு. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த இரண்டு மணி நேரம் இல்லாவிட்டால் நான் அந்த ஊரில் தங்கியிருக்கமாட்டேன்.

அக்காவோடு எனக்குப் பெரிய பழக்கம் கிடையாது. தனியாக இருக்கும் பெண், கல்யாணமாகாத ஆள். இரண்டு பேருமே ஓர் எல்லையோடு நின்றோம். காலையில் சைக்கிளை எடுக்கும்போது வாசலில் நின்றால், "என்னா தம்பி, வேலைக்கா?" என்பார். "ஆமாங்க அக்கா" என்பேன். அந்த ஊரில் என்னைத் தம்பி என்று பாசமாகக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். நாள் முழுக்க அது காதில் இருக்கும்.

என் வேலை மின்சார ஆபீசில். கிராணி, அதாவது குமாஸ்தா. அதிலும் தற்காலிகக் கிராணி. ஓராண்டு முடிந்ததும் நிரந்தரமாக்குவார்கள் அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். எங்களுக்குத் தலைமை தாங்கிய பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் ஒரு பைத்தியம் உண்டு. மின்சார அளவுகளை ஒழுங்காக எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எங்களில் ஒருவன் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுவான், இன்னொருவன் எழுத்துக்கு எழுத்து புள்ளி வைப்பான், மூன்றாமவன் "மணிக்கு இத்தனை கிலோவாட்" என்று எழுதித் தொலைப்பான். பெரிய கிராணி சிவப்பு மையோடு வந்து நிற்பார். "கிலோவுக்குச் சின்ன கே. வாட்டுக்குப் பெரிய டபிள்யூ, அது ஒரு மனிசன்ரை பேர். மணித்தியாலத்துக்குச் சின்ன எச். புள்ளி ஒண்டும் தேவையில்லை. கிலோவாட்டை மணியாலை பெருக்கிறது ஓய், வகுக்கிறது இல்லை!" என்பார். நாங்கள் தலையாட்டுவோம். அவர் போனதும் அவரைப்போலவே பேசிச் சிரிப்போம்.

அவர் சொன்னது எவ்வளவு எளிய விஷயம் என்று இப்போது தெரிகிறது. வாட் என்பது பசி. யூனிட் என்பது தின்று முடித்த சோறு. பெருந்தீனிக்காரன் ஒரு வாய் தின்று எழுந்துவிட்டால் பானையில் மிச்சமிருக்கும். கொறிக்கிறவன் நாள் முழுக்கக் கொறித்தால் பானை காலி. எவ்வளவு பசி, எவ்வளவு நேரம் என்று இரண்டையும் பார்க்காமல் செலவைச் சொல்ல முடியாது. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட், அவ்வளவுதான். எனக்கு இதெல்லாம் அப்போது மனப்பாடமாகத் தெரியும். மனப்பாடமாகத் தெரிவது வேறு, தெரிவது வேறு.

மலாயா சுதந்திரம் அடையப்போகிறது என்ற பேச்சாக இருந்த அந்த ஆண்டின் நடுவில், புதிதாகக் கரண்டு இழுத்த வீடுகள் அதிகமாகிவிட்டன. மீட்டரில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் புரியவில்லை. ஆகவே யூனிட் என்றால் என்ன என்று விளக்கி, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழியிலும் நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுப்பதென்று முடிவானது. தமிழ்ப் பக்கம் என் தலையில் விழுந்தது. நானும் பெருமையோடுதான் எழுதினேன். நிரந்தரமாவதற்கு இது ஒரு படி என்று நினைத்தேன்.

ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பட்டியல் இருந்தது. ஒரு யூனிட்டில் எந்தச் சாமான் எத்தனை மணி நேரம் ஓடும் என்பது. நாற்பது வாட் விளக்கு இருபத்தைந்து மணி. ஐம்பது வாட் ரேடியோ இருபது மணி. ஐந்நூறு வாட் இஸ்திரிப் பெட்டி இரண்டே மணி. தமிழில் எழுதியபோது அது கட்டத்துக்குள் அடங்கவில்லை. அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து, தமிழ் எழுத்து பெரிது, இடம் போதாது என்றான். "தலைப்பைச் சுருக்கும்" என்றார் பெரிய கிராணி. "ஒரு யூனிட்டில் ஓடக்கூடிய மணி நேரம்" என்று இருந்ததை "ஒரு யூனிட்டில்" என்றாக்கினேன். அதுவும் அடங்கவில்லை. கடைசியில் "யூனிட்" என்று மட்டும் விட்டேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. வாட் கணக்கு மக்களுக்குப் புரியாது என்று அதையும் எடுத்துவிட்டேன். விளக்கு 25, ரேடியோ 20, இஸ்திரிப் பெட்டி 2. பார்க்க அழகாக இருந்தது. பெரிய கிராணி ஆங்கிலப் பக்கத்தில் சின்ன கே சின்னதாக இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த வாரத்தில் அக்காவின் ரேடியோ நின்றுபோனது.

முதல் நாள், பழுது போலிருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள், உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். ஆனால் காலையில் வாசலில் நன்றாகத்தான் நின்றார், "என்னா தம்பி, வேலைக்கா?" என்றும் கேட்டார். ஒரு வாரம் போனதும் எனக்குக் கோபம் வந்தது. நான் சுவரில் சாய்ந்து கேட்பது தெரிந்து, கொடுக்க மனமில்லாமல் நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். தனியாக இருக்கிறவன் புத்தி அப்படித்தான் போகும். யார் எதைச் செய்தாலும் தனக்காகச் செய்ததாகவே தோன்றும். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாட்டு வரும் நேரத்துக்கு வெளியே கிளம்பி, கால் வலிக்க நடந்துவிட்டு வந்தேன்.

அப்படி நடந்த மாலைகளில் ஒன்றைக் கவனித்தேன். எங்கள் பக்கம் மலாக்காச் செட்டிகள் நிறைய. சாமி கும்பிடுவது நம்மைப்போல, வீட்டில் பேசுவது மலாய். அவர்கள் வீடுகளில் விளக்கு எரிந்தது, ரேடியோ பாடியது. தமிழ் படிக்கத் தெரிந்த வீடுகளில் மட்டும் மண்ணெண்ணெய் விளக்கு மினுக்கியது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கஞ்சப் பயல்கள் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டு நடந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா என் கதவைத் தட்டினார். கையில் கரண்டு பில்.

"தம்பி, நீங்க கரண்டாபீஸ்லதானே வேல செய்யறீங்க? ஒரு நிமிசம் வந்து பாத்துட்டுப் போங்க."

முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் போனேன். ஒரு கட்டில், ஒரு மேசை, வெள்ளை உடுப்புகள் மலையாக. என் சுவரை ஒட்டிய ஓர் அலமாரித் தட்டில் ரேடியோ இருந்தது. பூப்போட்ட துணியால் மூடியிருந்தார்.

"மொதல்ல எல்லாம் பதினொரு யூனிட்டுத்தான் வரும். இப்ப பாருங்க, இருவத்தாறு. நான் என்னா செய்யாம வுட்டேன் சொல்லுங்க. வெளக்க ஏத்தறதில்ல. ரேடியோவத் தொடறதேயில்ல."

மேசைமேல் புத்தம் புதிய மின்சார இஸ்திரிப் பெட்டி இருந்தது. "இது எப்போ வாங்கினீங்க?" என்றேன்.

"நோட்டீஸப் பாத்துட்டுத்தான். அதுக்கு ரெண்டுதானே? கரிப் பொட்டியத் தூக்கிக் கடாசிட்டு இத வாங்கிட்டேன். இந்த ரேடியோ சனியனுக்கு இருவதாம், பத்து மடங்கு தின்னுருக்கு, இத்தன வருசமா எனக்குத் தெரியாமப் போச்சு."

மீட்டருக்குக் கீழே சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது என் நோட்டீஸ். விளக்கு 25. ரேடியோ 20. இஸ்திரிப் பெட்டி 2. நூறு தடவை படித்த காகிதம்தான். அன்றைக்குத்தான் அவர் கண்ணால் படித்தேன். மணி நேரத்தை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் விட்டிருக்கிறேன். குறைவாகத் தின்பவன் அதிகம் தின்பவனாகவும், பெருந்தீனிக்காரன் சாதுவாகவும் தலைகீழாக நிற்கிறார்கள். தினமும் இரண்டு மணி நேரம் இஸ்திரி போட்டால் தினம் ஒரு யூனிட் என்று அவருக்குச் சொல்லாமல், ரேடியோவைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்திருக்கிறேன்.

"அக்கா, ரேடியோ அவ்வளவு இழுக்காது. இஸ்திரிப் பெட்டிதான் இழுக்கும். நீங்க தாராளமா ரேடியோ வைங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், நோட்டீசைப் பார்த்தார், சிரித்தார். "நீங்க நல்ல புள்ள. நான் வருத்தப்படக் கூடாதுன்னு சொல்றீங்க. அச்சடிச்ச காயிதம் பொய் சொல்லுமா தம்பி?"

அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அதை எழுதியவன் நான்தான், தப்பாக எழுதிவிட்டேன் என்று. அதைச் சொன்னால் அவர் நம்பியிருப்பார். ஆனால் தெருவுக்கும் சொல்லியிருப்பார். தெரு ஆபீசுக்கு வந்திருக்கும். நான் நிரந்தரமாவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. "நான் ஆபீஸ்ல விசாரிக்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். விசாரிக்க என்ன இருந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மறைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் என் வாழ்க்கையிலேயே மிகவும் தனியான வாரங்கள். முன்பு தனிமை என்பது யாரும் இல்லாதது. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், அதற்குக் காரணம் நான் என்பது. அவர் நாற்காலியை நகர்த்துவது கேட்கும். பெருமூச்சு விடுவதுகூடக் கேட்கும். முன்பு பாட்டுச் சத்தத்தில் இவை எதுவும் கேட்டதில்லை.

சுதந்திரம் வந்த அன்று காலையில், கோலாலம்பூரிலிருந்து அறிவிப்பைக் கேட்கத் தெருவே, தெருமுனையில் இருந்த எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் கூடியது. அவர் மலாக்காச் செட்டி, ரேடியோவைச் சன்னலில் வைத்து முழுச் சத்தத்தில் விட்டிருந்தார். நான் முன்னால் நின்றேன். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், என்று அங்கே கூவ, இங்கே எல்லாரும் கூவினோம். எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தபோது, கூட்டத்துக்குப் பின்னால், வடிகால் ஓரத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். சொந்த ரேடியோ வீட்டில் துணிக்கு அடியில் கிடந்தது. நான் முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

செப்டம்பர் முடிவில் என்னை நிரந்தரமாக்கிய கடிதம் வந்தது. அன்று மத்தியானமே நோட்டீசை எடுத்துக்கொண்டு பெரிய கிராணியிடம் போய்க் காட்டினேன். அவர் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உந்தப் பிழையை எப்ப கண்டனீர்?"

"ஜூலையில் சார்."

"நான் இங்கிலீசுப் பக்கத்திலை சின்ன கே பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார் மெதுவாக. "தமிழ்ப் பக்கத்திலை மணித்தியாலத்தையே காணேல்லை." என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கடிதத்துக்காகக் காத்திருந்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதனால் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அடுத்த வாரமே திருத்திய நோட்டீஸ் வந்தது. இந்தத் தடவை தமிழுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தார்கள்.

மை வாசனை போகாத முதல் தாளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "ரேடியோ, அம்பது வாட். ஒரு யூனிட்டில் இருவது மணி நேரம் ஓடும்." நிமிர்ந்தார். "அப்ப இஸ்திரிப் பொட்டி?"

"ஒரு யூனிட்டுக்கு ரெண்டே மணி நேரம்தான் அக்கா."

புரிந்ததும் சிரிப்பு வந்தது அவருக்கு. "அட கடவுளே! நான் ஒரு பைத்தியக்காரி. யாரு தம்பி இத எழுதுனது?"

"நான்தான் அக்கா."

"நல்லா எழுதிருக்கீங்க. மொதல்ல வந்துச்சே, அந்தக் கூறுகெட்டது யாரு?"

"அதுவும் நான்தான்."

சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் கண்ணில் இல்லை. "தப்புன்னு எப்பத் தெரிஞ்சிச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "நீங்க பில்லக் காட்டின அன்னிக்கே."

அப்போதுதான் அலமாரியைப் பார்த்தேன். தட்டு காலியாக இருந்தது. "ரேடியோ எங்கே அக்கா?" என்றேன்.

"மறுபடியும் இருவத்தேழு வந்துச்சு. கட்டக் காசில்ல, போன வெள்ளிக்கெழம தெங்கேரால ஒரு சீனத் தவுக்கே கடையில வித்துட்டேன்." தாளை நாலாக மடித்தார். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "ரேடியோவ வெக்க அந்தப் பக்கம் நல்ல மேச இருந்திச்சு. இந்தச் சுவத்துல எதுக்கு வெச்சேன் தெரியுமா? நீங்க வந்த புதுசுல அந்தப் பக்கம் ஒரு பேச்சுச் சத்தம் இருக்காது. இருமல் மட்டுந்தான் கேக்கும். புள்ள தனியாக் கெடக்குதே, அதுவும் கேக்கட்டும்னு இப்பிடித் திருப்பி வெச்சேன்."

நான் திருட்டுத்தனமாகக் கேட்பதாக நினைத்த பாட்டு, எனக்கென்றே கொடுக்கப்பட்டது. அதைத்தான் நான் நிறுத்தியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல" என்றார். அந்தப் 'பரவால்ல'வில் தம்பி இல்லை.

சைக்கிளை மிதித்துக்கொண்டு தெங்கேராவுக்குப் போனேன். அந்தச் சீன முதலாளியின் கடையில் பழைய ரேடியோக்கள் ஐந்தாறு இருந்தன, அது இல்லை. முந்தின நாள்தான் ஒரு மலாய்க்காரர் வாங்கிப் போனாராம். எந்தக் கம்பம், எந்தக் கிராமம் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை.

பிறகு தவணையில் நானே ஒரு ரேடியோ வாங்கி அக்காவுக்குக் கொண்டுபோனேன். "வேணாம்ங்க சார், எனக்கு வேலையே சரியா இருக்கு" என்றார். சார். அந்தத் தெருவில் மீன் விற்க வருபவரையும் தம்பி என்று கூப்பிடுகிறவர். திரும்ப என் அறைக்கே எடுத்து வந்தேன். சுவரோரம் வைத்தேன், முகத்தை அவர் பக்கம் திருப்பி. சத்தத்தைக் கூட்டினேன். செய்தி, பாட்டு எல்லாம் விட்டேன். அந்தப் பக்கம் நாற்காலி நகருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என் ரேடியோ போட்ட சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை கதவு தட்டப்பட்டது. ஓடிப்போய்த் திறந்தேன். அக்கா படியில் இறங்கியே நின்றிருந்தார்.

"சார், கொஞ்சம் சத்தத்தக் கொறச்சிக்கிறீங்களா? தல வலிக்குது."

"சரிங்க அக்கா" என்றேன். உள்ளே போய்க் குறைத்தேன். எனக்கே கேட்காத அளவுக்குக் குறைத்தேன்.